தறியின் ஓசையும் ஆசிரியரின் குரலும்

(கருமத்தம்பட்டியில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

பள்ளிக்கூடத்து வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, பகல் ஷிப்டு முடிந்ததும் தலையில் படிந்த பஞ்சைத் தட்டிவிட்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் விசைத்தறித் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

“அரசுப் பள்ளிகளின் சீர்திருத்தத்தில் ஆசிரியர் சங்கங்களின் குரல்” என்ற விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். சங்கம் என்றால் சம்பளம். சங்கம் என்றால் இடமாறுதல். சங்கம் என்றால் ஆர்ப்பாட்டம். பள்ளிக்கூடத்தைச் சீர்திருத்துவது அரசாங்கத்தின் வேலையும் நிபுணர்களின் வேலையும் அல்லவா, அதில் சங்கத் தலைவர்கள் வாய் திறக்க என்ன ஸ்தானம் இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மரியாதையுடனே எடுத்துக்கொள்கிறேன். இன்று மாலை முழுவதும் அதற்கே விடை சொல்ல முயல்கிறேன்.

இந்த ஊரில் நின்றுகொண்டு அந்த விடையைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து சோமனூர் வரை நடந்தால் தெருவுக்குத் தெரு தறிக் குடோன்கள். உள்ளே பல தறிகள் ஒன்றாக ஓடும்போது, வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அது ஒரே இரைச்சல்; காது அடைத்துப்போகிறது. ஆனால் அங்கே வேலை செய்கிறவருக்கு அப்படியா? சுவரோரமாகச் சாய்ந்து ஒரு வாய் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, எத்தனையாவது தறியில் இழை அறுந்தது, எந்தத் தறியில் நாடா சரியாக ஓடவில்லை என்பதை, கண்ணால் காணுமுன் காதால் அறிந்து அவர் எழுந்து ஓடுகிறாரே, அந்த அறிவை அவருக்கு எந்தப் புஸ்தகம் கொடுத்தது? அவர் எழுந்து போகாவிட்டால் என்ன ஆகும்? தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். துணியும் நீண்டுகொண்டேதான் இருக்கும். மீட்டர்க் கணக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். துணியை மடித்துப் பார்க்கும் நாளில்தான் பழுது வெளிப்படும். அன்றைக்கு யார் என்ன செய்ய முடியும்?

பள்ளிக்கூடமும் அத்தகையதே. ஒரு திட்டம் தலைநகரில் பிறக்கிறது; நல்ல எண்ணத்துடனேயே பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாவட்டத்துக்கு வந்து, வட்டாரத்துக்கு வந்து, கடைசியில் ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தையின் பலகைக்கு முன்னே வந்து நிற்கும்போது, அங்கே இழை அறுகிறதா, ஓடுகிறதா என்பதை முதலில் கேட்கும் காது ஆசிரியருடையது. அந்த ஒரு காது கேட்டதை ஊரறியச் சொல்லும் வாய்தான் சங்கம். ஒற்றை ஆசிரியர் உண்மையைச் சொன்னால் அது முறையீடு. அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். ஆயிரம் ஆசிரியர்கள் சேர்ந்து அதே உண்மையைச் சொன்னால் அது நாட்டுக்குக் கிடைத்த தகவல். இதுவே நான் சொல்ல வந்ததன் சாரம். மற்றவை எல்லாம் இதற்கு உதாரணங்கள்.

நண்பர்களே, ஆசிரியர்கள் ஸ்தாபனமாகக் கூடியது நேற்றோ முன்தினமோ நடந்த காரியம் அன்று. அகில இந்தியக் கல்விச் சங்கங்களின் கூட்டமைப்பு 1925-இல் கான்பூரில் பிறந்தது. தென்னிந்திய ஆசிரியர் சங்கம் 1928 முதல் தனக்கென ஒரு பத்திரிகையை நடத்தி, அதில் பாடத்திட்டம், பரீட்சை, தாய்மொழிப் போதனை ஆகியவற்றை விவாதித்தது. ஊதியத்தைப் பற்றிப் பேசிய அதே பக்கங்களில் போதனையைப் பற்றியும் பேசினார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒரே விஷயமாகவே தோன்றின.

நம் அரசியல் சாசனத்தை எழுதிய அறிஞர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். சட்ட மேலவையின் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 171-ஆம் விதியில் அவர்கள் எழுதிவைத்தார்கள். வக்கீலுக்கு அத்தகைய தொகுதி இல்லை, வைத்தியருக்கு இல்லை, ஆசிரியருக்கு மட்டும் இருந்தது. ஆனால் அதிலும் ஒரு குறை இருந்ததை மறைக்க வேண்டாம். உயர்நிலைப் பள்ளியும் அதற்கு மேலும் கற்பிப்போருக்கே அந்த வாக்கு. அகரத்தை எழுதக் கற்றுக்கொடுத்த ஆரம்பப் பள்ளி உபாத்தியாயருக்கு அது கிடையாது. 1986-இல் தமிழ்நாட்டில் மேலவையே கலைக்கப்பட்டபோது, இருந்த அந்த வாசலும் மூடியது. அன்று முதல் சபைக்குள் ஆசிரியருக்கென்று ஓர் ஆசனம் இல்லை. சபைக்குள் இடமில்லாத குரல் தெருவில்தானே ஒலிக்கும்? தெருவில் ஒலிப்பதையே குற்றமாகச் சொல்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இப்போது இரண்டு சீர்திருத்தங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 1953-இல் ராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புகுத்தப்பட்ட திட்டம். குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மீதி நேரம் தாய்தந்தையரின் தொழிலில் இருந்து கற்றுக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். காகிதத்தில் எவ்வளவு சிக்கனமான திட்டம்! ஆனால் காலையில் நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த தொண்டை மாலையில் வேறு நாற்பது பேருக்கு எப்படிப் பேசும் என்று யார் எண்ணினார்கள்? செருப்புத் தைப்பவரின் மகன் மீதி நேரத்தில் எதைக் கற்றுக்கொண்டு எங்கே நிற்பான் என்று யார் எண்ணினார்கள்? குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மாநிலமெங்கும் அதை எதிர்த்தார்கள். 1954 மே மாதத்தில், காமராசர் அமைச்சரவையில் கல்வித் துறையை ஏற்றிருந்த நம் பொள்ளாச்சிச் சீமையைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் அவர்கள், அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார்கள். ஓராண்டு கூட நிற்காமல் ஒரு சீர்திருத்தம் சாய்ந்தது.

இரண்டாவது, அதற்கு அடுத்து வந்த சில ஆண்டுகள். காமராசர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநர். 1955-இல், உதவி பெறும் பள்ளிகளிலும் உள்ளாட்சிப் பள்ளிகளிலும் உழைத்து, முதுமையில் வெறுங்கையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்கு, சேமநிதி, ஓய்வூதியம், ஆயுள் காப்பீடு என்று மூன்றையும் ஒன்றாக அளிக்கும் திட்டம் வந்தது. 1956-இல் மதிய உணவு வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. மேஜை வந்தது, நாற்காலி வந்தது, கரும்பலகை வந்தது, கூரைக்கு ஓடு வந்தது, எல்லாம் மக்களின் நன்கொடையாக வந்தன. அந்த நன்கொடையைக் கேட்டு வீடு வீடாக நடந்த கால்கள் யாருடையவை? மதிய உணவுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறிய கைகள் யாருடையவை? ஆசிரியர்களுடையவை அல்லவா? முதுமைக்குச் சோறு உண்டு என்ற நம்பிக்கையை ஆசிரியனுக்குக் கொடுத்த அரசாங்கம், பிள்ளைக்குச் சோறு போட அவனைக் கூப்பிட்டது. அவன் மனமுவந்து வந்தான்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. ஆசிரியரின் நலத்தையும் குழந்தையின் நலத்தையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் தராசு பொய்த் தராசு. தறியில் பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம் என்று பிரித்துவைத்தால் துணி ஏது?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைத் திரட்டி அவர்களுக்காகக் குரல் கொடுத்த மாஸ்டர் இராமுண்ணி போன்ற தலைவர்களின் காலத்தை இங்கிருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியர் என்றால் அன்று எத்தனை பேருக்கு அஞ்ச வேண்டியிருந்தது! உள்ளூர்ப் பிரமுகருக்கு மனக்கசப்பு என்றால் மறுநாள் ஆசிரியருக்கு மாறுதல். பல ஆண்டு இயக்கத்தின் பயனாக, 1981 ஜூன் 1 முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். இது ஆசிரியருக்கு மட்டுமா லாபம்? ஊர்ப் பெரிய மனிதரின் பேரனையும், அவர் தோட்டத்துப் பண்ணையாளின் மகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்க ஆசிரியருக்கு முதுகெலும்பு வேண்டும். அந்த முதுகெலும்பு வேலைப் பாதுகாப்பிலிருந்து வந்தது.

சமச்சீர்க் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று ஒரே மாநிலத்துப் பிள்ளைகளை நான்கு விதமாகப் பிரித்து வைத்திருந்தோம். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம் வகுக்க 2006-இல் முத்துக்குமரன் குழு அமைந்தது; 2010-இல் சட்டம் வந்தது; ஆட்சி மாறியவுடன் அது நிறுத்திவைக்கப்பட, வழக்கு நடந்து, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் போராட்டத்தில் ஓயாமல் ஒலித்த குரல்களில் ஒன்று நம் கோயமுத்தூர்க் குரல்: பீளமேடு சர்வஜன உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த எஸ். எஸ். ராஜகோபாலன் அவர்களுடைய குரல். அவர் கேட்டது தமக்கு ஒரு படி உயர்வையா? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரமான கல்வியையே கேட்டார். ஆசிரியன் பேசினால் இப்படித்தான் பேச வேண்டும் என்பதற்கு அவர் ஓர் இலக்கணம்.

கடல் கடந்து ஓர் உதாரணம் சொல்லி, பிறகு நம் காலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் சிகாகோ நகரம். அங்கே 1897-இல் ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள் ஒரு சங்கம் கண்டார்கள். நகரத்தின் கல்வி வாரியத்திடம் சம்பளம் கேட்டால், “பணம் இல்லை” என்ற பதிலே வந்தது. மார்கரெட் ஹேலி என்ற ஆசிரியை, “பணம் ஏன் இல்லை?” என்று கேட்டார். வரிக் கணக்குகளைப் புரட்டினார். நகரத்தின் தெருக்களை உபயோகித்து லாபம் ஈட்டிக்கொண்டிருந்த டிராம் கம்பெனிகளும் எரிவாயுக் கம்பெனிகளும், தங்கள் உரிமங்களின் மதிப்புக்குச் செலுத்த வேண்டிய வரியைச் செலுத்தவே இல்லை என்பதைக் கண்டுபிடித்து, நீதிமன்றத்துக்குப் போய், சுமார் 6 லட்சம் டாலர் பொக்கிஷத்துக்கு வந்து சேரும்படி செய்தார். எண்ணிப் பாருங்கள்! எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள், நகரத்தின் கணக்கையே திருத்திக்கொடுத்தார்கள். “பணம் இல்லை” என்ற பதிலோடு திரும்பி வருகிறவர் விண்ணப்பதாரர், “ஏன் இல்லை?” என்று ஆராய்ந்து விடையோடு வருகிறவரே தலைவர்.

அத்தகைய தலைமை இன்று நமக்கு எங்கெல்லாம் வேண்டும்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று அது சொல்கிறது. வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், விடுப்பில் போனால், மீதி ஒருவர் ஐந்து வகுப்புக்கும் காவல் இருக்கலாம், கற்பிக்க முடியுமா? அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே உட்கார்ந்தபடி, கைபேசியில் வருகைப் பதிவு, சீருடைப் பதிவு, புத்தகப் பதிவு, தேர்வுப் பதிவு என்று கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் மேஜைக்கு முன்னே, “டீச்சர், இந்தக் கணக்கு வரலைங்க” என்று சிலேட்டோடு ஒரு குழந்தை நிற்கிறதே, அந்தக் குழந்தை காத்திருந்த நிமிஷங்களைப் பதிவு செய்ய எந்தத் தளத்தில் இடம் இருக்கிறது?

2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, வாரத்தில் மூன்று அரை நாட்கள், மாதம் 5,000 ரூபாய் என்று நியமித்தார்கள். கலையும் விளையாட்டும் குழந்தைக்கு முழுநேரத் தேவை. அவற்றைக் கற்பிக்கிறவருக்கு மட்டும் அரைநேர ஜீவனமா? 2024-25-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, வேறொரு திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் மத்திய அரசு நிறுத்திவைத்தது. இரு அரசாங்கங்களின் வழக்கில், வாதியும் பிரதிவாதியும் அல்லாத குழந்தை ஏன் அபராதம் கட்ட வேண்டும்? இவற்றையெல்லாம் சங்கத் தலைவர்கள் உரக்கக் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் கடமை.

2003-ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்த நாட்களில் ஒன்றை நான் கண்டேன்: பள்ளி வாசலில் நின்ற பெற்றோர்கள் ஆசிரியர்களாகிய எங்களை வெறுக்கவும் இல்லை, எங்களுக்காகக் கலங்கவும் இல்லை. அது எனக்குப் பெரிய பாடமாயிற்று. கூலி நெசவாளர்கள் கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்தும்போது இந்த வட்டாரமே அவர்கள் பக்கம் நிற்கிறது. நாங்கள் வேலையை நிறுத்தியபோது எங்கள் பக்கம் ஏன் நிற்கவில்லை? எங்கள் கோரிக்கையில் அவர்கள் பிள்ளையின் பெயரை நாங்கள் எழுதியிருக்கவில்லை.

ஆகையால், தலைவர்களே, தோழர்களே, நமக்கு நாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் தைரியம் வேண்டும். அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னதே, அந்தத் தீர்ப்பு உத்தரப்பிரதேசத்துக்கு. அதிலுள்ள கேள்வி நமக்கு இல்லையா? நம் கையால் சமைத்த சோற்றை நாமே உண்ணத் தயங்கினால், பிறருக்கு எப்படிப் பரிமாறுவோம்? 2025 செப்டம்பர் 1 அன்று, ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நியமனக் காலத்தில் இல்லாத நிபந்தனையை இருபதாண்டுக்குப் பிறகு சுமத்துவது நியாயமா என்று சங்கங்கள் கேட்டன. நியாயமான கேள்வி. ஆனால் அதனோடு நிறுத்திவிடலாமா? “எங்களுக்கு ஆண்டுதோறும் மெய்யான பயிற்சி கொடுங்கள், நாங்கள் கற்பிப்பதை வகுப்பறையில் வந்து பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள்” என்று நாமே முன்வந்து கேட்டால், எந்தப் பெற்றோர் நம் பக்கம் நிற்க மாட்டார்கள்?

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதைச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒருவனாக இருந்தேன். ஒரு நாள் மாலை, தறி ஓட்டும் தகப்பனார் ஒருவர், நாலாம் வகுப்பு படிக்கும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வாசற்படியில் நின்றபடியே கேட்டார்: “ஏனுங்க வாத்தியாரய்யா, எம் புள்ள நெசமாலுமே படிக்கறாளுங்களா? இல்லீங்க, சும்மா பாஸ் போட்டு உடறீங்களா?”

அந்தக் குழந்தைக்கு ஒரு வரியைக் கூட்டிப் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். ஐந்து வகுப்புக்கு நடுவில் அவள் பக்கத்தில் உட்காரப் பத்து நிமிஷம் எனக்குக் கிடைத்ததில்லை என்பதும் தெரியும். நான் என்ன சொன்னேன்? “நல்லாப் படிக்கறாளுங்க, நீங்க கவலைப்படாதீங்க” என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இழை அறுந்த ஓசையைக் கேட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விடை என்ன? “இல்லைங்க. அவளுக்குப் படிக்க வரவில்லை. அவள் மேல் குற்றமில்லை. இங்கே இன்னும் இரண்டு ஆசிரியர் வேண்டும். வாருங்கள், நாம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்போம்.” அவ்வளவுதான். ஒரு தனி மனிதனாக அன்று எனக்கு அதைச் சொல்லப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கத்தானே சங்கம் இருக்கிறது? உண்மையைச் சொன்ன ஆசிரியனுக்குப் பின்னால் ஆயிரம் பேர் நிற்பார்கள் என்ற உறுதியைக் கொடுக்கத்தானே சங்கம் இருக்கிறது?

தலைவர்களே! உங்கள் மாநாட்டுத் தீர்மானங்களில் முதல் தீர்மானம் அந்தப் பெண் குழந்தையைப் பற்றியதாக இருக்கட்டும். இரண்டாவதாக நம் ஊதியத்தை எழுதுங்கள், கூசாமல் எழுதுங்கள். பெற்றோர்களே! உங்கள் பள்ளிக்கூட வாசற்படியில் வந்து நின்று அதே கேள்வியைக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பவும் கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே! கேட்கிறவரை உள்ளே அழைத்து, பெஞ்சில் உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு இத்தனை ஆண்டுக்குப் பிறகு, இந்த மேடையில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் விடை சொல்லிவிட்டேன். அவர் இந்த அவையில் எங்காவது அமர்ந்திருந்தால் என்னை மன்னிப்பாராக.